பூக்குது, காய்க்குதில்லை: சின்ன வளவில அப்பிள்

"அது ஆண்மரமாக்கும். தறிச்சுப்போட்டு வேற ஒண்டை வை."

யாழ்ப்பாணத்து நீர்வேலியிலயிருந்து அம்மா போனில சொன்ன வைத்தியம் இது. நான் லண்டனில, ஹரோ வீட்டுப் பின்வளவில நட்ட கொக்ஸ் இனத்து அப்பிள் மரம் மூண்டு வருசமாப் பூத்துக் கொட்டிக்கொண்டு நிண்டது. காய் எண்டு பாத்தால் முதல் வருசம் ஒண்டுமில்லை, அடுத்த வருசம் நாலு, அதுக்கடுத்த வருசம் ரண்டு. பனையிலயும் பப்பாசியிலயும் ஆண் வேற பெண் வேற எண்டு பாத்து வளந்த மனுசி, வேற என்னத்தைச் சொல்லுவா?

அப்பிளில அப்பிடி இல்லை. ஒரு பூவுக்குள்ளயே ஆணும் இருக்கு, பெண்ணும் இருக்கு. சுத்திவர மகரந்தம் தாற கேசரம் இருபது மட்டில, நடுவில அதை வாங்குற சூல்முடி அஞ்சு. எல்லாம் இருந்தும் தன்ர மகரந்தத்தைத் தானே ஏற்காது. மகரந்தம் சூல்முடியில விழுந்து முளைவிட்டு உள்ள இறங்கத் தொடங்கினாலும், அது தன்ர இனத்தின்ர மகரந்தம் எண்டு கண்டால் பூ அதைப் பாதிவழியில மறிச்சுப்போடும். வேற இனத்து அப்பிள் ஒண்டு அதே கிழமையில பூக்கவேணும், அதின்ர மகரந்தத்தைத் தேனீ இங்க கொண்டுவந்து சேர்க்கவேணும்.

இதைக் கேட்டவுடன நான் செய்யப்போன பிழை, அதே கொக்ஸ் இனத்தில இன்னொரு கண்டு வாங்கப் பாத்தது. நல்லவேளை வாங்கேல்லை. அப்பிள் விதையில போட்டால் தாய்மரம் மாதிரி வராது. அதனால எல்லாம் ஒட்டுக்கண்டுதான். ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கிட்ட கோல்ன்புறூக் எண்ட ஊரில, ரிச்சர்ட் கொக்ஸ் எண்ட மனுசன் ஏறத்தாழ 200 வருசத்துக்கு முதல் விதையில எழுப்பின ஒரு மரத்தின்ர கொப்புத்தான் உலகத்தில இருக்கிற எல்லாக் கொக்ஸ் மரமும். ஆயிரத்தை வரிசையா நட்டாலும் கணக்குக்கு அது ஒரு மரம்.

சரி, பக்கத்து வளவில அப்பிள் மரம் இருக்கே, அது காணாதோ எண்டு கேப்பியள். எனக்கும் அதுதான் விளங்கேல்லை. வேலிக்கு அங்கால ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறா, எண்பது தாண்டின மனுசி. அவவின்ர மரம் எங்கட வீட்டுக் கூரையளவு உயரம். ரண்டும் ஒரே கிழமையில பூக்கும், தேனீயும் அங்கயும் இங்கயும் போகும். ஆனால் காய் அவவுக்குத்தான். ஒருநாள் வேலியால எட்டிச் சொன்னா, இந்த ரண்டு மூண்டு வருசமா என்ர மரம் முந்தியிலும் பாக்க நல்லாக் காய்க்குது எண்டு. விசயம் பிறகுதான் பிடிபட்டது: அவவின்ர மரம் பிராம்லி. பிராம்லிக்குக் குரோமோசோம் மூண்டு தொகுதி. சாதாரண அப்பிளுக்கு ரண்டு. மூண்டு இருக்கிற மரத்தின்ர மகரந்தம் வலுவில்லாதது, வாங்கும், குடுக்காது. என்ர மரம் அவவின்ரயைக் காய்க்க வைச்சுக்கொண்டு தான் மலடி எண்ட பெயர் வாங்கிக்கொண்டு நிண்டிருக்கு.

பிராம்லி இந்த நாட்டில எல்லாத் தெருவிலயும் ஒண்டாவது நிக்கும், கறிக்கும் "பை" எண்ட வெதுப்பின பலகாரத்துக்கும் போடுற புளி அப்பிள். 1809 இல சவுத்வெல் எண்ட ஊரில மேரி ஆன் பிறெயில்ஸ்ஃபோர்ட் எண்ட பெட்டை விதை போட்டு முளைப்பிச்சவ. 1846 இல அந்த வீட்டை வாங்கின இறைச்சிக்கடைக்காரர் மத்தியூ பிராம்லியின்ர பெயர்தான் பழத்துக்கு நிலைச்சது. நட்டவவின்ர பெயர் இல்லை. பிராம்லியை மாதிரி ஜொனகோல்ட், பிளென்ஹெய்ம் ஒரேஞ்ச், கிறேவன்ஸ்ரைன், றிப்ஸ்ரன் பிப்பின் எல்லாம் மூண்டு தொகுதிக்காரர். இதுகளில ஒண்டை ஆசைப்பட்டு வைச்சால், அதுக்குக் குடுக்க ஒண்டு, அந்த ஒண்டுக்குக் குடுக்க இன்னொண்டு எண்டு மூண்டு மரம் வேணும். சின்ன வளவுக்காரர் அந்தப் பக்கமே போகாதேங்கோ.

ஆகவே கண்டு வாங்கக் கடைக்குப் போக முதல், சித்திரைக் கடைசியில தெருவைச் சுத்தி ஒரு நடை போங்கோ. ஏறத்தாழ 20 மீற்றருக்குள்ள எவர் வளவிலாவது வேற அப்பிள் பூத்து நிக்குதோ எண்டு பாருங்கோ. அலங்காரத்துக்கு வைக்கிற காட்டு அப்பிளும், அந்தச் சின்னச் சின்னப் பழம் காய்க்கிறது, நல்ல சோடி. கனநாள் பூத்து நிக்கும். பேர்ஸ், பிளம், செறி எல்லாம் தூரத்தில பாக்க ஒரே வெள்ளைப் பூவாத் தெரியும், ஆனால் அப்பிளுக்கு உதவாது. ஒண்டும் இல்லையெண்டால் ரண்டு இனமாவது நீங்களே நடவேணும். கண்டின்ர சீட்டில பூக்கிற காலத்துக்கு ஒரு இலக்கம் போட்டிருப்பினம். 2, 3, 4 எண்டதுதான் கனக்க இனங்களுக்கு. ஒரே இலக்கம் நல்லது. ஒண்டு முன்பின் எண்டாலும் பூக்கிற நாள் ஒண்டில ஒண்டு முட்டும். கொக்ஸ், ஜேம்ஸ் கிரீவ், டிஸ்கவரி, ஃபியஸ்ட்டா, சன்செற் எல்லாம் 3. எக்ரிமொன்ட் றசெற் 2. கடையில வாங்கித் தின்னுற காலாவும் பிறேபேர்னும் 4. "தானாய்க் காய்க்கும்" எண்டு போட்டிருக்கிற இனமும் சோடி நிண்டால் இன்னும் நல்லாக் காய்க்கும்.

புதுசா வைக்கிற ஆளுக்கு நான் கொக்ஸ் சொல்லமாட்டன். ருசி வேற எதிலயும் இல்லை, அது உண்மை. ஆனால் செதில் நோய், கொப்பில புண் நோய் எல்லாம் முதல்ல அதுக்குத்தான் வரும். ஃபியஸ்ட்டா கொக்ஸின்ர பிள்ளைதான், ருசியும் கிட்டமுட்ட வரும், இந்தப் பாடு குறைவு. அதோட ஜேம்ஸ் கிரீவ். என்னைக் கேட்டால் இந்த ரண்டும் போதும்.

இனத்துக்கு அடுத்தது அடிக்கட்டை. ஒட்டுக்குக் கீழ இருக்கிற வேர் வேற மரம். மரம் எவ்வளவு உயரும் எண்டதை அதுதான் தீர்மானிக்கும். கென்ற் மாவட்டத்து ஈஸ்ற் மோலிங் ஆராய்ச்சி நிலையத்தில தெரிவு செய்ததுகளின்ர பெயர் "எம்" எண்டு தொடங்கும். எம் 27 ஆளுயரத்தைத் தாண்டாது, சாடிக்கு ஆகும், ஆனால் நல்ல மண்ணும் தண்ணியும் கேக்கும். எம் 9 ரண்டு ரண்டரை மீற்றர். வேர் நொய்ஞ்சது, ஆயுள் முழுக்கத் தடி கட்டியிருக்கவேணும். எம் 26 அதிலும் கொஞ்சம் உயரம். எம்எம் 106 நாலு மீற்றர் வரும். என்ர முதல் மரத்தை வாங்கின கடையில சீட்டில "அப்பிள்" எண்டும் இனத்தின்ர பெயரும் மட்டும்தான் இருந்தது. அடிக்கட்டை எதெண்டு விக்கிறவருக்கும் தெரியேல்லை. அப்பிடி எண்டால் வாங்காமல் வாங்கோ. விலை குறைவு எண்டு நானும்தான் வாங்கினனான்.

நடுறது கார்த்திகையிலயிருந்து பங்குனிக்குள்ள, இலை இல்லாத காலத்தில. அப்பதான் மண்ணில்லாமல் வெறும் வேரோட கண்டு விப்பினம். சாடிக்கண்டிலும் மலிவு, இனமும் கனக்க இருக்கும். மண் உறைஞ்சோ தண்ணி நிண்டோ இருந்தால் பொறுங்கோ. இங்க எங்கட பக்கம் களிமண். ஆழமா உருண்டையாக் கிடங்கு கிண்டினால் மாரியில அது கிணறு. வேர் விரிச்சு வைக்கிற அகலத்துக்கும், வேர் மூடுற ஆழத்துக்கும் மேல வேண்டாம். கிடங்குக்குள்ள எருவைக் கொட்டாதேங்கோ, எருவை மேல பரப்புங்கோ, தண்டில முட்டாமல்.

ஒட்டுப் போட்ட புடைப்பு நிலமட்டத்துக்கு 10 சென்ரிமீற்றராவது மேல நிக்கவேணும். இதைத் தடிச்ச எழுத்தில எழுதவேணும் எண்டு எனக்கு ஆசை. எங்கட ஊர் வாழைக்குப் பேர்போன ஊர். வாழைக்குட்டியை ஆழமா வைச்சுப் பழகின கை, அப்பிளையும் அப்பிடியே புதைச்சுது. ரண்டாம் வருசம் மரம் தறிகெட்டு வளரக் கிண்டிப் பாத்தால், ஒட்டுக்கு மேலயிருந்து கொக்ஸ் தன்ர பாட்டில வேர் விட்டிருந்தது. பிறகு எம் எண்டும் நம்பர் எண்டும் என்ன இருக்கு? அந்த வேரை வெட்டி மண்ணை வழிச்சு எடுத்தன். நல்லகாலம், வேர் அப்ப நூல் மாதிரித்தான்.

தண்டைச் சுத்தி ஒரு மீற்றர் வட்டத்துக்குப் புல் இருக்கக்கூடாது. எம் 9 போல சின்ன வேர்க்காரருக்குப் புல்லோட சண்டை பிடிக்க ஏலாது. முதல் ரண்டு கோடைக்கு, மழை இல்லாத கிழமையில ஒரு வாளி, ரண்டு வாளி ஊத்துங்கோ. ஒவ்வொருநாளும் தெளிக்கிறதிலும் பாக்கக் கிழமைக்கொருக்கா நனைய நனைய ஊத்துறது நல்லம். பசளை கூடினால் இலைதான். கோழியெருக் குளிசை போட்டுக் காடு வளத்த அனுபவம் எனக்கு இருக்கு.

இடம் இல்லாதவைக்கு நான் சொல்லுறது வேலியோரம் சரிச்சு நடுறது. எங்கட தெற்குப் பாத்த வேலியில மூண்டு நிக்குது: ஜேம்ஸ் கிரீவ், ஃபியஸ்ட்டா, எக்ரிமொன்ட் றசெற். ஒண்டுக்கொண்டு 75 சென்ரிமீற்றர். நிலத்திலயிருந்து 60, 120, 180 சென்ரிமீற்றரில மூண்டு கம்பி இழுத்து, மூங்கில் தடியை 45 பாகை சரிவில கட்டி, அதில தண்டைக் கட்டிவிட்டன். ஒற்றைத் தண்டு, பக்கத்தில குட்டைக் கொப்பு, அவ்வளவுதான் மரம். சரிச்சால் நுனிக்கு ஓடுற வேகம் குறையும், பூமொட்டுக் கூடும். டிஸ்கவரியும் பிராம்லியும் கொப்பு நுனியிலயும் காய்க்கிறதுகள். குட்டையா வெட்டுற இந்த முறைக்கு அதுகள் சரிவராது.

இனிப் பூ. சித்திரை வருசப்பிறப்பளவில மொட்டு றோசா நிறத்தில திரளும். மாசக் கடைசியில, வைகாசித் தொடக்கத்தில விரியும். ஒரு கொத்தில அஞ்சாறு பூ. நடுப்பூத்தான் முதல்ல விரியும். அந்த ரண்டு கிழமையும் நான் காலமை எழும்பினவுடன பாக்கிறது வானிலைதான். தேனீ 12, 13 பாகைக்குக் கீழ கூட்டை விட்டு வெளிக்கிடாது. மழைக்கும் வராது. பெரிய மயிர்த்தேனீ அதிலும் குளிருக்கு வரும். இன்னொண்டு, தனியா வாழுற செம்மண்நிறத் தேனீ. மூங்கில் துண்டுக்குள்ள முட்டை வைச்சு மண்ணால அடைக்கும். 8 மில்லிமீற்றர் துளையுள்ள மூங்கில் துண்டுகளைக் கட்டி, வெயில் விழுற சுவரில நெஞ்சுயரத்தில பங்குனியில தொங்கவிட்டால் வந்து குடியேறும். மகரந்தத்தை வயித்து மயிரில உலர்ந்த தூளாக் காவுறதால போற பூவிலயெல்லாம் கொட்டிக்கொண்டு போகும், அதால அப்பிளுக்கு மிச்சம் நல்லது. முதல் துளையை அது அடைச்ச அண்டு என்ர மனுசி வந்து பாத்துப்போட்டு, வீட்டில குளவி கூடு கட்டினால் விசேசமாம், இந்த வயசில ஆருக்கு எண்டு கேட்டா.

பூ விரிஞ்ச நேரத்தில எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதேங்கோ. இதுக்கு விளக்கம் தேவையில்லை.

பூச்சி வராத வருசம் கையால செய்யலாம். பாவற்காய்க்கும் பூசணிக்கும் கண்ணாடிக் கொட்டிலுக்குள்ள நாங்கள் செய்யிறதுதானே, அதே வேலை, பூ மட்டும் சின்னன். மழையில்லாத நாள் மத்தியானம் பாருங்கோ, 15 பாகைக்கு மேல எண்டால் திறம். ஒரு இனத்தில விரிஞ்சு ஒரு நாளான பூவைப் பாருங்கோ. கேசரத்தின்ர தலை வெடிச்சு மஞ்சள் தூள் விரலில ஒட்டவேணும். தூள் ஒட்டாட்டில் நேரம் வரேல்லை. தலை கறுத்துக் காய்ஞ்சிருந்தால் நேரம் போட்டுது. அந்தப் பூவைக் கிள்ளி, இதழை உரிச்செடுத்து, கேசரம் மட்டும் நிக்கிற அந்தக் குஞ்சத்தால மற்ற இனத்துப் பூவின்ர அஞ்சு சூல்முடியையும் மெல்லத் தொட்டுவிடுங்கோ. ஒரு பூவால நாலஞ்சைத் தொடலாம். பூவைப் பிடுங்க மனமில்லாட்டில் பிள்ளையளின்ர பெயின்ற் பெட்டிக்குள்ள இருக்கிற மெல்லிய தூரிகை. ஆனால் இனத்துக்கு ஒரு தூரிகை வேண்டாம், ஒரே தூரிகையை அங்கயும் இங்கயும் மாறி மாறிக் கொண்டுபோங்கோ, அதுதானே தேவை. சூல்முடி ஈரமா மினுங்கவேணும். மண்ணிறமாயிட்டுதெண்டால் அந்தப் பூ முடிஞ்சுது.

அஞ்சையும் தொடவேணும் எண்டதுக்குக் காரணம் இருக்கு. ஒரு அப்பிளைக் குறுக்கா வெட்டிப் பாருங்கோ: அஞ்சு அறை, அறைக்கு ரண்டு விதை, சாதாரணமா பத்து. விதை விழாத பக்கம் சதை வளராது, பழம் ஒருபக்கம் சப்பையாகும். எங்கட மூண்டாம் வருசத்து ரண்டு காயும் அப்பிடித்தான், ஒவ்வொண்டிலயும் ரண்டே விதை. கோணல் பழம் கண்டால் எறியாமல் வெட்டி எண்ணுங்கோ. பூச்சி வேலை செய்ததோ இல்லையோ எண்டதை அது சொல்லும்.

எல்லாப் பூவையும் தொடவும் தேவையில்லை. கொத்துக்கு ரண்டு போதும். இருபது பூவில ஒண்டு காயானாலே மரம் நிறைஞ்சிடும். அடுத்தநாளும் அதுக்கடுத்தநாளும் புதுசா விரிஞ்சதுகளுக்கு ஒருக்காச் செய்துவிடுங்கோ.

சோடி மரம் இன்னும் பூக்கிற வயசுக்கு வராட்டில் இடைக்கால வழி ஒண்டு இருக்கு, 2015 இல எனக்குக் கைகுடுத்தது அதுதான். ஈலிங்கில இருக்கிற சிநேகிதர் வீட்டுக் காட்டு அப்பிளில பாதி மொட்டும் பாதி பூவுமா நாலு கொப்பு வெட்டி, காரில தண்ணி வாளிக்குள்ள வைச்சுக் கொண்டுவந்து, அந்த வாளியை அப்பிடியே கொக்ஸ் கொப்பில தொங்கவிட்டன். தண்ணி குறையக் குறைய ஊத்தினால் ஒரு கிழமை நிக்கும். மிச்சத்தைத் தேனீ பாத்துக்கொள்ளும். அந்த வருசம் எண்ணினது 61 காய். அம்மாவுக்குப் படம் அனுப்ப, "அப்ப பெண்மரம்தான்" எண்டா.

பனிக்குப் பயப்பிடுங்கோ. விரிஞ்ச பூ பூச்சியத்துக்குக் கீழ 2 பாகை வந்தால் கருகும். வெளியில இதழ் வெள்ளையா நிக்கும், நடுவில பாத்தால் கறுப்பு. அப்பிடி எச்சரிக்கை சொல்லுற இரவில வேலியோர மரங்களுக்குப் பழைய சாரமும் கட்டில் விரிப்பும் போத்துவன். விடியக் கழட்டவேணும், இல்லாட்டில் தேனீ எங்கால போறது?

ஆனியில காய் தன்ர பாட்டில கொட்டும். பதறாதேங்கோ, மரம் தனக்கு ஏலாததை விடுகுது. பிறகு ஆடி நடுப்பகுதியில மிச்சத்தை நீங்கள் கிள்ளவேணும். கொத்துக்கு ஒண்டு, கூடினால் ரண்டு. பழத்துக்குப் பழம் 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர் இடைவெளி. நடுக்காய் கோணலா வாறது கூட, முதல்ல அதை எடுங்கோ. காய்க்குதில்லை எண்டு அழுத மனுசன் இப்ப பிஞ்சைக் கிள்ளி எறியிறான் எண்டு வீட்டில பேச்சு விழும். விழட்டும். 2016 இல நான் மனமில்லாமல் எல்லாத்தையும் விட்டன். எலுமிச்சங்காய் அளவில நூத்துக்கு மேல காய்ச்சு, அடுத்த வருசம் மரம் ஒரு பூவும் பூக்காமல் ஓய்வெடுத்தது.

கவ்வாத்தைப் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. ஊரில முந்திரிகைப் பந்தலைக் கவ்வாத்துப் பண்ணிறதைப் பாத்தவைக்குப் பயம் வராது. தனியா நிக்கிற மரத்துக்கு மாரியில: செத்தது, நோய் பிடிச்சது, உள்நோக்கி ஓடுறது, ஒண்டோடொண்டு உரசுறது. நடு திறந்து கிண்ணம் மாதிரி இருக்கவேணும். வேலியோரச் சரிவு மரத்துக்குக் கோடையில, ஆவணி பிறந்தாப்போல: தண்டிலயிருந்து வந்த 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதுக்கொப்பை அடியிலைக் கொத்துக்கு மேல மூண்டு இலை விட்டு வெட்டுங்கோ, பழைய குட்டைக் கொப்பிலயிருந்து வந்ததை ஒரு இலை விட்டு. மாரியில இதுகளை வெட்டினால் கோவத்தில இன்னும் நீட்டும்.

பழத்துக்குள்ள போற புழுவுக்கு வைகாசி நடுவில பசைப்பொறி ஒண்டு தொங்கவிடலாம், ஆண் விட்டில் வந்து ஒட்டும். ஐப்பசிக் கடைசியில தண்டைச் சுத்திப் பசைப்பட்டி, மரத்தில ஏறுற இறகில்லாத பெண் விட்டிலுக்கு. ரண்டும் செய்தும் கொஞ்சம் புழு இருக்கும். வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கோ.

பழத்தை இழுத்துப் பிடுங்கிறேல்லை. உள்ளங்கையில ஏந்தி மேல தூக்கி லேசாத் திருப்பினால் கையோட வரவேணும். வராட்டில் இன்னும் நாள் இருக்கு. ஜேம்ஸ் கிரீவ் புரட்டாதியில பிடுங்கிச் சுடச்சுட முடிக்கவேணும், வைச்சால் மாவாப்போகும். கொக்ஸ் ஐப்பசியில பிடுங்கி, அடிபடாததாத் தெரிஞ்சு, ஒவ்வொண்டாப் பேப்பரில சுத்தி, கொட்டிலில தட்டுத்தட்டா அடுக்கினால் மார்கழி தாண்டும். கிழமைக்கொருக்காக் கிளறிப் பாருங்கோ, ஒண்டு அழுகினால் பெட்டி போச்சு. அடிபட்டதும் விழுந்ததும் எங்கட வீட்டில பக்கத்து அம்மா வேலிக்கு மேலால தாற பிராம்லியோட சேரும். பிராம்லியின்ர புளிக்குத் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் சீனியும் விட்டு வைச்சால் மாங்காய்க் கறிதான். அவவுக்கு ஒரு கிண்ணம் அனுப்பினனாங்கள், உறைப்பெண்டு பாதியைத் திருப்பி அனுப்பினவ.